துருவப் பனியும் புத்தளக் கரையும்: கடல்கோள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடல்கோள் என்பது தமிழிலக்கிய மாணவர் அனைவர்க்கும் பழகிய சொல்லாகும். இறையனார் களவியலுரை சங்க வரலாற்றைக் கூறுமிடத்துக் கடல்கொண்ட நகரங்களைப் பேசுகின்றது. சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டமையைக் குறிப்பிடுகின்றது. லெமூர் என்னும் விலங்கினத்தின் பரம்பலை விளக்குவதற்காக 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலாளர் முன்வைத்த லெமூரியாக் கண்டம், பின்னர் இக்குறிப்புகளோடு இணைக்கப்பட்டு, இழந்துபோன பொற்காலமொன்றின் அடையாளமாயிற்று. 1960களில் கண்டத்தட்டுக் கொள்கை நிலைபெற்றபின் அக்கண்டத்துக்கு அறிவியலில் இடமில்லாது போயிற்று. ஆயினும் கடல் நிலத்தைக் கொண்டது பொய்யன்று. எங்கே கொண்டது, எதனாற் கொண்டது, யாரைப் பாதித்தது என்ற வினாக்களைப் பொற்காலக் கனவு மறைத்துவிட்டது என்பதே எமது கருத்து. அவ்வினாக்களைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை ஆதாரமாகக் கொண்டு எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், இறுதிப் பனியூழியின் உச்சநிலையில், கனடாவும் ஸ்கந்திநேவியாவும் சிலவிடங்களில் மூன்று கிலோமீற்றர் வரை தடித்த பனிப்படலத்தின் கீழ்க் கிடந்தன. அப்பனி கடலிலிருந்து ஆவியாகிச் சென்ற நீரேயாதலின், உலகக் கடல்மட்டம் இன்றையதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. வடதுருவத்தையொட்டி, சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்த பரந்த புல்வெளியில் மம்மத யானைகள் மேய்ந்தன. அதே காலத்தில், ஆழங்குறைந்த பாக்குநீரிணையும் தரையாகவே இருந்தது. சூரியனைச் சுற்றும் புவியின் பாதையிலும் அதன் அச்சின் சாய்விலும் ஏற்பட்ட மெதுவான மாற்றங்கள் பனியுருக்கத்தைத் தொடக்கிவைத்தன. அவ்வுருக்கம் ஒரே சீராக நிகழவில்லை. ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுள்ளேயே கடல் பத்து மீற்றருக்கு மேல் உயர்ந்தது. சிறிது சிறிதாகச் சேர்ந்த மாற்றம் திடீரெனப் பாய்ச்சலாக வெளிப்படுவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. வடதுருவப் புல்வெளி ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிற்று. ஈழம் தமிழகத்திலிருந்து இறுதியாகப் பிரிந்தது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் என ஆய்வாளர் கொள்வர். இரு பாலங்களையும் உடைத்தது ஒரே உருகுநீரே.

கடலேற்றம் தணிந்த பின்னரே இன்றைய புத்தளக் கரை உருப்பெற்றது எனலாம். இலங்கைக் கரைகளிற் சில இடங்களில் கடல் இன்றைய மட்டத்திலும் ஓரிரு மீற்றர் உயர்ந்து நின்று, பின் மெல்லத் தாழ்ந்தது. அலையும் நீரோட்டமும் கொணர்ந்த மணல் கற்பிட்டிக் குடாநாடாக நீள, அதன் உட்புறத்தே ஆழமற்ற களப்பு அடைபட்டது. மீ ஓயாவும் கலா ஓயாவும் அதனுட் பாய்கின்றன. உப்பளமும் களப்பு மீன்பிடியும் இவ்வியற்கை அடித்தளத்தின்மீது மனித உழைப்பு எழுப்பியவையாகும். களப்புக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை என்பது நன்கறியப்பட்டது. இவ்வொற்றுமையை விளக்குதற்கு மூழ்கிய கண்டம் எதுவும் வேண்டியதில்லை; நீரிணையைக் கடந்த தோணியும் அதனைச் செலுத்திய மனிதருமே போதும். நிலவழியை மூடிய கடலை மக்கள் நீர்வழியாக்கிக் கொண்டனர்.

இன்று கடல் மீண்டும் ஏறுகின்றது. ஆனால் காரணம் வேறு. அந்தாட்டிக்காவின் பனிக்கட்டியைத் துளைத்தெடுத்த மாதிரிகளில் 8,00,000 ஆண்டுக்கால வளி சிறைப்பட்டுள்ளது. அக்காலம் முழுவதும் காபனீரொட்சைட்டின் அளவு பத்து இலட்சத்தில் 300 பங்கைத் தாண்டவில்லை. இன்று அது 420ஐ மீறிவிட்டது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததென ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றக் குழு 2021இல் அறிவித்தது. இலாபத்தையே இயக்குவிசையாகக் கொண்ட கைத்தொழில் முதலாளித்துவத்தின் இரு நூற்றாண்டு வரலாறு இவ்வெண்களில் எழுதப்பட்டுள்ளது. இக்கரையும் அவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற் நிலையை எட்டிய அனல்மின் நிலையம் இறக்குமதி நிலக்கரியையே எரிக்கின்றது. எனினும் மேலைநாடுகள் எரித்துக் குவித்ததோடு இதனைச் சமநிலையில் வைப்பது வரலாற்று நேர்மையாகாது.

பண்டைய வேட்டுவக் குழுக்கள் கடல் ஏறுந்தோறும் உள்நோக்கி நகர்ந்திருக்கலாம். நிலம் எவரது உடைமையுமாக இருக்கவில்லை. இன்று கரைக்குப் பின்னால் வேலிகள் நிற்கின்றன. 1980களிலிருந்து ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்புக்காகக் கண்டற் காடுகள் பலவிடங்களில் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதைத் தொடர்ந்து குளங்கள் பல கைவிடப்பட்டன. இலாபம் வெளியேறிற்று, உவர்நிலம் மக்களுக்கு எஞ்சிற்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். ஒருமுறை நிலமிழந்தோரிடம் மறுமுறையும் விலகிச் செல்லுமாறு கூறுவது எவ்வாறு?

எனவே கடல்கோளை இழந்த பெருமையின் புலம்பலாக அன்றி, நிலமும் உழைப்பும் சார்ந்த வரலாற்றுச் சிக்கலாக நாம் வாசித்தல் வேண்டும். துருவப் பனியின் வரலாறு கற்பிட்டி மீனவரின் வரலாறுமாகும். கண்டலை மீட்பதும், பின்வாங்குவதற்கான நிலத்தை உழைப்போர்க்கு உறுதிசெய்வதும் அவ்வாசிப்பிலிருந்து எழும் கோரிக்கைகளாகும்.