கணக்கு மாத்திரை

1930களில் மூளையைப் படம் பிடிப்பது ஏறக்குறைய சித்திரவதை. முதுகில் ஊசி குத்தி, தண்டுவட நீரை வடித்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்குப் பிறகு மண்டையைப் பிளக்கும் தலைவலி.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்ற குழந்தைகள் மனநல மருத்துவமனையிலும் இதுதான் நடந்தது. வடித்த நீர் சீக்கிரம் ஊறினால் வலி குறையும் என்று நினைத்த டாக்டர் சார்லஸ் பிராட்லி, பிள்ளைகளுக்குப் பென்சட்ரின் கொடுத்துப் பார்த்தார். ஆம்ஃபெட்டமைன்தான் அது. தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் துறுதுறுவென்று இருந்த சில பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பித்திருந்தார்கள்!

1937இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 30 பிள்ளைகள், 5 முதல் 14 வயது வரை. ஒரு வாரம் மருந்து. 14 பேரின் பள்ளிப் படிப்பில் அசரவைக்கும் மாற்றம். பிள்ளைகளே அதற்கு 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வரலாற்றிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. டாக்டருக்கு அது நடத்தை மாற்றம், பிள்ளைகளுக்கோ முடிக்க முடிந்த கணக்கு.

ஏடிஹெச்டி என்ற பெயர் வர 1987 ஆனது. அதுவரை யார் காத்திருந்தார்கள்? 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் மெதில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். மனைவி மார்கரீட்டின் செல்லப்பெயர் ரீட்டா. மருந்து ரிட்டலின் ஆனது. மூளை செல்கள் வெளியிடும் டோபமைனையும் நார்அட்ரினலினையும் அவை உடனே திரும்ப உறிஞ்சிவிடாமல் அது தடுக்கிறது. கவனம் கொஞ்சம் தங்குகிறது.

நானும் மெதில்ஃபெனிடேட் சாப்பிடுகிறவள்தான். அது எனக்குள் எந்தத் திறமையையும் கொண்டுவந்து வைக்கவில்லை. மூணு நாளாகத் திறந்தே கிடக்கும் ஃபைலில் முதல் வரியை எழுத வைக்கிறது, அவ்வளவுதான். "நிறுத்தினா பழையபடி ஆயிடும்னா, அப்புறம் எதுக்கும்மா?" என்று மாமா கேட்டார். பிராட்லியும் அதைத்தான் பார்த்தார்: மருந்தை நிறுத்தியதும் பலனும் போய்விட்டது. போனால் என்ன மாமா, அந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் போட்ட கணக்கு போட்டதுதானே?

மீதி 16 பேருக்குப் படிப்பில் அந்த அளவு மாற்றம் இல்லை. என் தோழிக்கும் இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சு படபடக்குது, பசியே இல்லை என்றாள். டாக்டர் நிறுத்திவிட்டு, இப்போது வேறு மருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.