பதின்ம வயது: அறிவு குறைவல்ல, 'பிரேக்' முற்றாத பருவம்

தமிழ்ப்பள்ளியில் படித்தவரை சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எதிர்த்துப் பேசுகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான், நண்பன் கூப்பிட்டால் மட்டும் உடனே ஓடுகிறான். தோட்டமானாலும் பட்டணமானாலும் பெற்றோர் பலரின் குறை இதுதான். வளர்ப்பு சரியில்லை, சேர்க்கை சரியில்லை என்று பழி போடுவதற்கு முன், அந்த வயதில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூளையில் நடக்கும் மாற்றம்

10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆறு வயதிலேயே மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. ஆனால் அளவு வேறு, முதிர்ச்சி வேறு. செடியின் வேண்டாத கிளைகளை வெட்டிவிடுவதுபோல, பயன்படாத நரம்பு இணைப்புகளைப் பதின்ம வயதில் மூளை கழித்துவிடுகிறது. பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. படிப்போ, விளையாட்டோ, மிருதங்கமோ, இந்த வயதில் திரும்பத் திரும்பச் செய்வது நன்கு பதிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலை கடைசியாக முடிவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியில்தான். பின்விளைவை யோசிப்பது, ஆசையை அடக்குவது, திட்டமிடுவது எல்லாம் இதன் பொறுப்பு. இது முழுமையாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. உணர்ச்சியையும் இன்பத்தையும் தூண்டும் பகுதிகளோ, பருவமடையும்போதே வேகமெடுக்கின்றன. சுருங்கச் சொன்னால், 'எண்ணெய்' நன்றாகப் பிடிக்கிறது. 'பிரேக்' இன்னும் முற்றவில்லை.

நண்பர்கள் பக்கத்தில் இருந்தால்

2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பதின்ம வயதினரும் பெரியவர்களும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடினார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் துணிந்து ஆபத்தில் இறங்கியது மிகவும் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

மலேசியாவில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். வேகமாக ஓட்டினால் விபத்து என்பது பையனுக்குத் தெரியாமல் இல்லை. நான்கு நண்பர்கள் பக்கத்தில் வரும்போது அந்த அறிவு கைகொடுப்பதில்லை. ஆகவே 'பார்த்து ஓட்டு' என்ற அறிவுரை மட்டும் போதாது. இரவில் சாவி யாரிடம் இருக்கும், பின்னால் யாரை ஏற்றலாம், எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்ய வேண்டும். முன்மூளை முதிரும்வரை வெளியிலிருந்து பிடிக்கும் பிரேக் பெற்றோர்தான்.

தூக்கம் சோம்பேறித்தனமா?

தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பு இந்த வயதில் இரவில் தாமதமாகிறது. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அதிகாலையில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு அது கிடைப்பது கடினம். தூக்கம் குறைந்தால் எரிச்சலும் கோபமும் கூடும். இரவில் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருப்பது நல்லது. அப்பா அம்மாவின் கைப்பேசியும் அங்கேயே இருந்தால் பிள்ளை முணுமுணுக்க மாட்டான்.

பெற்றோர் கவனத்திற்கு

கோபம் கொதிக்கும் நேரத்தில் புத்திமதி ஏறாது. இருவரும் தணிந்த பிறகு பேசுங்கள். நண்பர்கள் முன்னிலையில் திட்டாதீர்கள். அந்த அவமானம் இந்த வயதில் ஆழமாகத் தைக்கும். அடித்தால் பயம் வரும். ஆசையை அடக்கும் பழக்கம் வராது. வயதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. விதிகள் குறைவாக இருக்கட்டும். ஆனால் மாறாமல் இருக்கட்டும்.

எல்லாமே வயதுக் கோளாறு அல்ல. இரண்டு வாரத்திற்கும் மேலாகச் சோர்ந்து கிடப்பது, சாப்பாட்டையும் நண்பர்களையும் ஒதுக்குவது போன்றவை தெரிந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அரசாங்கச் சுகாதார கிளினிக்கையோ நாடுங்கள். உடலைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 ஆகிய எண்களில் 24 மணி நேரமும் பேசலாம்.