ஏதென்ஸின் பழங்கிணறுகளும் புதைகுழிகளும்

சரித்திரம் என்றாலே நமக்கு ராஜாக்களும் யுத்தங்களும்தான். ஏதென்ஸ் என்றால் சாக்ரடீஸ், பெரிக்ளீஸ், பளிங்குக் கோயில். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், பழங்கிணறுகளையும் புதைகுழிகளையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அக்ரோபோலிஸ் குன்றுக்கு வடமேற்கே இருக்கிறது 'அகோரா' என்னும் பழைய சந்தைத் திடல். ஏதென்ஸிலுள்ள அமெரிக்கத் தொன்மை ஆய்வுப் பள்ளியார் 1931-ல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள். சந்தையாவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே கிணறு வெட்டியிருக்கிறார்கள். இறந்தவர்களை அடக்கமும் செய்திருக்கிறார்கள்.

கிணற்றைத் தோண்டுவதில் ஒரு கணக்கு உண்டு. அடியில் கிடப்பவை தண்ணீர் சேந்தும்போது கை தவறி விழுந்த குடங்கள். பாதாளக் கரண்டி போட்டுத் துழாவிய நமக்கு இது புரியாதா என்ன! அதற்கு மேலே, கிணறு பாழான பிறகு கொட்டிய மண்ணும் குப்பையும். புதைகுழியில் இருப்பது உறவினர் பார்த்துப் பார்த்து வைத்தது. கிணற்றில் இருப்பது வேண்டாமென்று போட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுசாகும்.

1967-ல் அரியோபாகஸ் குன்றின் வடசரிவில் ஒரு பெண்ணின் புதைகுழி கிடைத்தது. காலம் சுமார் கி.மு. 850. உடலை எரித்து, எலும்புகளைப் பெரிய தாழியில் வைத்திருந்தார்கள். கூடவே தங்கத் தோடுகள், மணிமாலை, மூடிமேல் ஐந்து தானியக் குதிர்கள் வரிசையாக நிற்கும் களிமண் பெட்டி. 'பணக்கார ஏதென்ஸ் சீமாட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மரியா லிஸ்டனும் ஜான் பாப்பாடோபுலஸும் அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்து 2004-ல் எழுதினார்கள்: சிசுவின் எலும்புகளும் அதில் கலந்திருக்கின்றன, அவள் பிரசவ காலம் நெருங்கிய கர்ப்பிணி! 37 வருஷம் அவளுடைய தங்கத்தைப் பற்றித்தான் உலகம் பேசிக்கொண்டிருந்தது.

இனி கிணற்றுக்கு வருவோம். 1930-களில் அகோராவை ஒட்டித் தோண்டிய ஒரு கிணற்றில் சுமார் 450 சிசுக்களின் எலும்புகளும், 150-க்கும் மேற்பட்ட நாய்களின் எலும்புகளும் இருந்தன. காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. கொள்ளைநோயா, சிசுக்கொலையா என்றெல்லாம் சந்தேகம். 2018-ல் வெளிவந்த ஆய்வு வேறு சொல்கிறது. பெரும்பாலானவை பிறந்த சில நாளில் தாமாக இறந்த குழந்தைகள். மூன்றில் ஒரு பங்கு மூளைக்காய்ச்சலில் போனவை. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடி அறுத்தது காரணமாக இருக்கலாமாம். குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளும் சடங்குக்கு முன்பே இறந்ததால் அவற்றுக்கு முறையான அடக்கம் கிடையாது. நாய்கள் பிரசவத் தீட்டுக் கழிக்கக் கொடுத்த பலி என்று கருதுகிறார்கள்.

பிரசவம் என்றால் செத்துப் பிழைப்பது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். குதிர் நிறையத் தானியம் இருந்தவளுக்கும் அதுதான், பெயர்கூட வைக்காத பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் அதுதான். எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதி வைக்காத விஷயம் இது. தோண்டியவர்கள் தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எலும்பை வீசியிருந்தால், நமக்கும் தெரியாமலே போயிருக்கும்.