சவ்வூடு பரவல்

செறிவில் வேறுபட்ட இரு கரைசல்களை, கரைப்பானை மட்டும் கடத்தவல்ல மெல்லிய சவ்வொன்று பிரித்து நிற்கையில், நீர்த்த புறத்திலிருந்து செறிந்த புறத்திற்குக் கரைப்பான் தானாகவே ஊடுருவிச் செல்லும் நிகழ்ச்சி. மனித ரத்தத்தின் சிவப்பணு, நூற்றுக்கு 0.9 பங்கு உப்புள்ள நீரில் இருபுறமும் குழிந்த தன் ஸ்வரூபம் மாறாதிருக்க, அதனையே வெறும் நீரில் இட்டால் நீரை உட்கொண்டு உப்பி வெடித்து ஹீமோகுளோபினைச் சிந்திவிடுவதும், கடும் உப்புநீரில் இட்டால் நீரை இழந்து சுருங்கி விளிம்பெங்கும் முள்முள்ளாவதும் இதன் விளைவுகளே. தாவர உயிரணுவோ வெறும் நீரில் இட்டாலும் செல்லுலோஸ் சுவரின் காவலால் வெடிக்காமல் விறைத்து நிற்கும். உப்பிட்ட மாங்காய்த் துண்டுகள் நீர்விட்டு வதங்குவதற்கும் இதுவே காரணம்.

ஜெர்மானியத் தாவரவியலறிஞர் பெஃபர் 1877இல் வெளியிட்ட அளவீடுகளை ஆதாரமாகக்கொண்டு, நீர்த்த கரைசல்களில் இப்பரவலைத் தடுத்து நிறுத்தத் தேவையான அழுத்தம் செறிவுக்கும் தனி உஷ்ணநிலைக்கும் நேர்விகிதத்தில் அமைவதை நிறுவிய டச்சு விஞ்ஞானி வான்ட் ஹாஃப், ரசாயனத்துக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்றார்.