இலெசிதின் கண்ட வரலாறு

முட்டையின் மஞ்சட் கருவிலே பொசுபரசு பொருந்திய கொழுப்பொன்று உண்டென 1840களிற் கண்டவர் பிரெஞ்சு மருந்தாளர் கோப்லே. மஞ்சட் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 1850இல் அதற்கு இலெசிதின் எனப் பெயரிட்டார்.

இலெசிதினின் தலை நீரை நாடும். கொழுப்பமில வால்கள் இரண்டும் நீரை விலக்கும். ஆதலின் நீரிடையே அது ஈரடுக்காய் அமையும். செங்குருதிக் கலங்களைச் சூழ்ந்த கொழுப்பும் ஈரடுக்கினதே என 1925இல் ஒல்லாந்தரான கோட்டரும் கிரெண்டலும் எடுத்துரைத்தனர்.

கலம் இதனை ஆக்குமாறு யாது? சிக்காகோவில் கென்னடியும் வைசும் ஆராய்ந்தபோது, தூய்மை குறைந்த ஏ. ரி. பி. தாக்கத்தை நிகழ்த்திற்று, தூய பளிங்கு ஏ. ரி. பி. நிகழ்த்தவில்லை. மாசாய்க் கலந்திருந்த சி. ரி. பி.யே வேண்டப்பட்டது என்பதை 1956 அளவில் அவர்கள் நிறுவினர். கோலின் பொசுபேற்று அதனோடு இணைந்த பின்னரே இருகிளிசரைட்டைச் சென்றடைந்து இலெசிதினாகும்.

சுவாசப்பையின் சிற்றறைகளிற் பரப்பிழுவையைத் தணிக்கும் படலத்திலும் இலெசிதினே முதன்மையானது. மூச்சுத்திணறி மாண்ட குறைமாதக் குழவிகளிடம் அப்படலம் குன்றியிருந்ததை ஏவரியும் மீடும் 1959இற் காட்டினர். மாட்டின் சுவாசப்பையிலிருந்து ஆக்கிய அத்தகு மருந்தை யப்பானியரான பூசிவாரா முதலியோர் 1980இற் செலுத்த, குழவிகளின் மூச்சுச் சீர்ப்பட்டது. மஞ்சட் கருவில் தொடங்கிய ஆராய்ச்சி மகவுகளின் உயிர்காக்கும் துணையாயிற்று.