குருத்து தேடிய பதிவேடு

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைக்கொல்லைகளில் இதைப் பார்க்கலாம். மரத்தை இடுப்பளவில் குறுக்கே வெட்டிப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்தால், வெட்டுவாயின் நடுவிலிருந்து வெளிறிய பச்சையில் குருத்து எழும்பி நிற்கும். ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று பெயர் வைத்தவர் வாழைக்கொல்லை பார்த்து வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாமே எலும்பு மஜ்ஜையிலுள்ள அந்தக் குருத்திலிருந்துதான் கிளம்புகின்றன. தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா, சில வகை ரத்தப் புற்றுநோய் இவற்றில் குருத்தே பழுதாகிவிடுகிறது. அப்போது பலருக்கும் இன்னொருவருடைய குருத்தணுவை ஏற்றுவதுதான் வழி.

ரத்த வகை ஒன்றாக இருந்தால் போதாது. பொருந்த வேண்டியது எச்.எல்.ஏ. 'இது என்னுடையது, இது அன்னியம்' என்று உடம்பு பிரித்தறிய வைத்திருக்கும் அடையாளம் அது. பாதி அப்பாவிடமிருந்து வருகிறது, பாதி அம்மாவிடமிருந்து. கூடப்பிறந்தவர் ஒருவரோடு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. வீட்டுக்கு ஆறு பிள்ளைகள் இருந்த காலத்தில் அது நல்ல கணக்கு. இப்போது வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அப்படியானால் ஊராரில்தான் தேட வேண்டும். 1973-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் சைமன் பாஸ்டிக் என்ற குழந்தைக்கு உறவே இல்லாத ஒருவரின் மஜ்ஜையை ஏற்றிக் காப்பாற்றினார்கள். அதைக் கேள்விப்பட்டு ஷெர்லி நோலன் தன் மகன் ஆன்டனியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் வந்தார். பிள்ளைக்கு விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பிறவி நோய். பொருந்துகிறவர் யார் என்று புரட்டிப் பார்க்க அன்று உலகத்தில் ஒரு பட்டியல்கூட இல்லை. 1974-ல் அவரே ஒன்றைத் தொடங்கினார். அதுதான் முதல் பதிவேடு. ஆன்டனிக்கு மட்டும் ஆள் அகப்படவேயில்லை. 1979-ல், ஏழு வயதில் இறந்துபோனான். பதிவேடு இன்றும் அவன் பெயரில் நடக்கிறது. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது.

பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பதிவேடுகள் பெருகின. அவற்றில் நிறைந்தவர்கள் வெள்ளையர்கள். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-ல் போட்ட கணக்கு: ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம், தெற்காசியருக்கு 33. அமெரிக்காவில் சமீர் பாட்டியா, வினய் சக்கரவர்த்தி என்ற இரண்டு இளைஞர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது 2007-ல் நண்பர்கள் வீதியில் இறங்கினார்கள். பதினொரு வாரத்தில் 24,611 தெற்காசியர்களைப் பதிய வைத்தார்கள். இருவருக்கும் ஆள் கிடைத்தது, மாற்றுச் சிகிச்சையும் நடந்தது. ஆனாலும் 2008-ல் இருவருமே இறந்துவிட்டார்கள். இந்தக் கதை இப்படித்தான். யாருக்காகத் தொடங்குகிறார்களோ அவர்களுக்கு உதவாமல், பின்னால் வருகிறவர்களுக்கு உதவுகிறது.

நம் பக்கம் வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் கூடப்பிறந்தவர் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது. சென்னையில் 'தாத்ரி' பதிவேடு வந்தது 2009-ல். ரகு ராஜகோபாலோடு சேர்ந்து அதைத் தொடங்கிய நெசிஹ் செரெப், சூ யங் யாங் இருவரும் அமெரிக்காவில் எச்.எல்.ஏ. பரிசோதனைக் கூடம் நடத்துகிறவர்கள். இன்று அதில் ஐந்து லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. நம் ஜனத்தொகைக்கு அது காவிரியில் ஒரு கை தண்ணீர்.

டெல்டாக்காரர்கள் இதில் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று இருக்க முடியாது. இங்கே பெண் எடுப்பதும் கொடுப்பதும் பத்துப் பதினைந்து ஊருக்குள் சுற்றிச் சுற்றி வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கொண்டான் கொடுத்தான் உறவிலேயே தலைமுறைகள் ஓடியிருக்கின்றன. இது சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஆனால் எச்.எல்.ஏ. அடையாளங்களும் அதே வட்டத்துக்குள்தான் சுற்றியிருக்கும். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் அந்த அடையாளங்களையும் உடம்பில் வைத்தே கொண்டு போனார்கள். அங்கே ஒரு பேரப்பிள்ளை படுத்திருந்தால், பொருந்துகிறவர் மன்னார்குடியிலோ கூத்தாநல்லூரிலோ பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். அவர் பெயர் பதிவேட்டில் இருந்தால்தானே கூப்பிட முடியும்?

பதிவது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் முடிந்தது. பொருந்துகிறது என்று அழைப்பு வந்தால்தான் வேலை. அப்பாயிக்குச் செய்தி போகும். "கல்யாணம் ஆகாத புள்ள, முதுகெலும்புல ஊசி போடுவாங்களாமே" என்பார். முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. மஜ்ஜையாகவே எடுத்தாலும் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில்தான் எடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. ஐந்து நாள் ஒரு ஊசி. குருத்தணுக்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும், உடம்பு காய்ச்சல் கண்டதுபோல வலிக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய்க் குருத்தணு பிரிந்து, மீதி மறு கை வழியே திரும்பிவிடும். மூன்று நாலு மணி நேரம். போனது மறுபடி ஊறிவிடும்.

பதிந்தவர் கடைசி நேரத்தில் வீட்டார் பேச்சைக் கேட்டு வராமல் போவதுதான் நம் நாட்டுப் பதிவேடுகள் படும் பெரும்பாடு. புதியதை ஏற்றுமுன் நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அதன்பின் கொடுப்பவர் பின்வாங்கினால், படுத்திருப்பவருக்குத் திரும்பிப் போக வழியில்லை. பதினெட்டு நிறைந்த பிள்ளைகளே, பதியுங்கள். அப்பாயியிடம் சொல்லிவிட்டுப் பதியுங்கள்.