பருத்திக்கு ஆயுள் குறித்தவர்கள்

பனி உறையும் நாடுகளில் தோட்டம் போடுகிறவர்களுக்குச் செடிகள் இரண்டு வகைதான். வசந்தத்தில் நட்டு, கோடையில் பூத்து, அடுத்த குளிருக்குள் செத்துப்போவது ஓராண்டுச் செடி. தண்டு கருகினாலும் வேர் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து மறு வசந்தத்தில் தளிர்ப்பது பல்லாண்டுச் செடி. கடைசி உறைபனி போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் நாற்றை வெளியே எடுத்து நடுவார்கள். ஜெர்மனியில் மே மாத நடுவில் வரும் ‘பனிப் புனிதர்’ நாட்கள் கழியும்வரை பொறுத்திருப்பது பழைய வழக்கம். நம் ஊட்டியிலும் இதன் சாயல் உண்டு. 1848-இல் உருவாகத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில், மே மாத மலர்க் காட்சிக்கான செடிகளை மாதக்கணக்கில் முன்பே விதைத்து, உறைபனி படாமல் காத்து வளர்க்கிறார்கள். ஆனால் குளிர்நாட்டாரின் ஓராண்டுப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அங்கே வசந்தத்தில் வாங்கி நட்டு, குளிர் வந்ததும் குப்பையில் போடும் நித்தியகல்யாணி, நம் சுடுகாட்டு ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஆண்டுக்கணக்கில் பூக்கிறது. அங்கே அழகுக்காக ஒரு கோடைக்கு மட்டும் வளர்க்கும் ஆமணக்கு, இங்கே வெட்டாமல் விட்டால் சிறு மரமாக நிற்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும்கூட வெப்பநாட்டில் ஓராண்டைத் தாண்டி வாழும் சக்தி உண்டு. ஆக, பட்டியலில் பாதி செடியின் குணத்தைச் சொல்லவில்லை, அந்த ஊர்ப் பனியைத்தான் சொல்கிறது.

அப்படியானால் பனியே விழாத ஊரில் செடியின் ஆயுளை யார் குறிப்பது? விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், அர்ச்சுனா நதியின் மேல் அணை கட்டப்பட்ட ஆனைக்குட்டத்தையும் அதைச் சூழ்ந்த கரிசல் காட்டையும் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கலாம். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பட்டாசு ஆலைகளும் விருதுநகருக்குப் போகும் குடிநீரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தீக்குச்சியும் வெடிமருந்தும் வருவதற்கு முன், இந்த மண்ணின் வரவு செலவை நடத்தியது பருத்தி. பருத்தி பிறவியில் பல்லாண்டுச் செடி. அது இங்கே ஓராண்டுப் பயிரானது இயற்கை விதித்த விதியால் அல்ல. மழை, ஆடு, அடுப்பு, சந்தை, கடைசியில் சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஏற்பாடுகளால்தான் என்பது என் வாதம்.

முதலில் பருத்தியின் பிறவியைப் பார்த்துவிடலாம். கோயில் நந்தவனங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் விளக்குத் திரிக்கும் பூணூலுக்குமாக வளர்க்கப்பட்ட மரப்பருத்தி, ஆளுயரம் தாண்டிப் பல ஆண்டுகள் நிற்கும். குஜராத்தில் இருபது ஆண்டுவரை வாழும் பருத்தி மரங்கள் உண்டு என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்துவைத்தார். கோயம்புத்தூர்ச் சீமையின் செம்மண் மேடுகளில் நாடன் பருத்தியை ஒருமுறை விதைத்துவிட்டு மூன்று நான்கு ஆண்டுகள் விட்டுவைத்துப் பறித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் பெரிய அளவில் வளர்த்த போர்பன் பருத்தியும் பல்லாண்டு வகைதான். லிவர்பூல் சந்தையில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. ஆக, இந்த நாட்டில் பருத்தியைப் பல்லாண்டாக வைத்திருக்கத் தெரியாமலும் இல்லை, அதற்கு விலை கிடைக்காமலும் இல்லை. இருந்தும் சாத்தூர், விருதுபட்டிக் (இன்றைய விருதுநகர்) கரிசலில் கருங்கண்ணி, உப்பம் என்ற பருத்தி வகைகள் ஆண்டுதோறும் புதிதாக விதைக்கப்பட்டன, ஆண்டுதோறும் பிடுங்கப்பட்டன.

இங்கே ஒரு மறுப்பு எழும். கருங்கண்ணி ஏற்கெனவே ஓராண்டு வகையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விதை, எனவே அது செடியின் குணம்தானே என்பார்கள். பருத்தி இனங்களின் வரலாற்றை ஆராய்ந்த ஜோசப் ஹட்சின்சன், பல்லாண்டுப் பருத்தி குளிர் மிகுந்த வடக்குப் பகுதிகளுக்குப் பரவியபோது, பனிக்கு முன்பே காய்த்து முடிக்கும் செடிகள் மட்டும் தப்பிப் பிழைத்து ஓராண்டு வகைகள் உருவாயின என்று விளக்கினார். சீக்கிரம் பூப்பது பரம்பரைக் குணமாக மாறியது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சீக்கிரம் பூப்பது வேறு, பூத்து முடித்ததும் சாவது வேறு. கம்பு கதிர் முற்றியதும் தானாகவே காய்ந்து முடிகிறது. கரிசல் பருத்தி அப்படி முடிவதில்லை. மாசி பங்குனியில் முதல் எடுப்பு முடிந்து, இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும் செடி, சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் மறுபடி தளிர்த்து, ஆனி ஆடியில் இன்னொரு வெடிப்புக் கொடுக்கும். அந்தக் கோடைப் பருத்தி தரம் குறைந்தது என்றாலும் கிடைத்ததை யாரும் விடவில்லை. விட்டால் வாழும் செடி அது. கரிசல் காட்டில் அதை விடவில்லை என்பதுதான் விஷயம்.

ஏன் விடவில்லை? நாட்காட்டியில் தொடங்கலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தியை ஏப்ரல், மே மாதத்தில், பனி போன பிறகு விதைத்து, அடுத்த பனி இறங்குவதற்குள் பறித்து முடிப்பார்கள். குளிர்நாட்டுத் தோட்டத்தின் கணக்கேதான் அது. கரிசலில் கணக்கு தலைகீழ். ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் விதைக்க வேண்டும். கரிசல் மண் குடித்துவைத்த ஈரத்தையும் மார்கழிப் பனித்துளியையும் நம்பிச் செடி வளர வேண்டும். பங்குனி வெயிலில் மண் பாளம் பாளமாக வெடிக்கும்போது கையளவு அகலப் பிளவுகள் வேரை அறுத்துவிடும். 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனையை நடத்திய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் முயற்சி குடியானவர்களிடம் வேரூன்றாமல் போனதற்கு, இப்படிப் பருவம் புரண்டு கிடந்ததும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். வசந்தத்தில் விதைத்துப் பழகிய விதை, வெயில் தாழும் காலத்தில் முளைத்து வெயில் ஏறும் காலத்தில் காய்க்க வேண்டியிருந்தது.

ஆனால் வெயில் மட்டும் இதைச் செய்யவில்லை. வெயிலைத் தாங்கிய செடிகளும் பிடுங்கப்பட்டனவே. கரிசல் காடு பங்குனிக்குப் பிறகு தனியொருவர் காடாக இருப்பதில்லை. அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தைகள் இறங்கும். கீதாரிகள் கிடை போட்டு, புழுக்கையாலும் மூத்திரத்தாலும் நிலத்துக்கு உரம் ஏற்றுவார்கள். பல்லாண்டுப் பருத்தி வைத்திருப்பவர் ஒன்று வேலி அடைக்க வேண்டும், அல்லது கிடையை இழக்க வேண்டும். அடுத்து, பருத்தி போட்ட காட்டில் மறு ஆண்டு கம்போ சோளமோ போடுவது வழக்கம். காட்டைக் காலி செய்தால்தான் உழ முடியும், உழுதால்தான் தானியம். மூன்றாவதாக அடுப்பு. விறகுக்கு மரமில்லாத பொட்டல் காட்டில் பருத்திமார்தான் ஆண்டுமுழுக்க எரிபொருள். பிடுங்கிக் கட்டி வீட்டுக்குப் பின்னால் படப்புப் போட்ட மார், எடுத்த பருத்திக்குச் சற்றும் குறையாத சொத்து. பல்லாண்டு வாழ்கிறவற்றை இந்த ஊர்கள் அறியாதவை அல்ல. பனையும் புளியும் வேம்பும் உடையும் வரப்பிலும் ஓடைக்கரையிலும் கண்மாய்க்கரையிலும் நின்றன. அவற்றுக்கு ஓரம், ஓராண்டுப் பயிருக்கு நடுக்காடு என்று இடம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

சந்தை இந்த ஏற்பாட்டை இறுக்கியது. 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிவர்பூலுக்குப் பஞ்சு வராமல் போனபோது விலை ஏறியது. விருதுபட்டி, அருப்புக்கோட்டை, சிவகாசி நாடார் வணிகர்கள் அந்த ஏற்றத்தில் தலையெடுத்தார்கள். 1870-களில் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை விருதுபட்டி வழியாகப் போடப்பட்டதும், காட்டிலிருந்து வண்டியில் வந்த பருத்தி இங்கேயே அரைக்கப்பட்டு, சிப்பமாக இறுக்கப்பட்டு, துறைமுகத்துக்குப் போனது. 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறிய ஊரின் பணம் அப்படித் திரண்டது. 1910 வரை இந்தத் தாலுகாக்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்ததால், இந்தச் சரக்கும் ‘டின்னி’ என்ற வணிகப் பெயரிலேயே உலகச் சந்தையில் விலைபோனது. சந்தைக்கு வேண்டியது ஒரே நேரத்தில் வந்து சேரும் ஒரே மாதிரியான பஞ்சு. ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிக்கும் மரப்பருத்தியை வைத்து அரவை ஆலையை நடத்த முடியாது.

இந்த வழக்கங்கள் எல்லாம் கரிசலோடு கட்டுப்பட்டவை. கிணற்றுப் பாசனத் தோட்டத்துக்கு அவை பொருந்தவில்லை என்பது கம்போடியாப் பருத்தி வந்தபோது வெளிப்பட்டது. அமெரிக்க இனமான அது இந்தோசீனா வழியாக 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. இழை நீளம், விலை அதிகம். கமலைத் தண்ணீர் பாய்ந்த செம்மண் தோட்டங்களில் அமோகமாக விளைந்தது. தண்ணீர் இருந்ததால் வெயில் அதைக் கொல்லவில்லை. தோட்டத்துக்குக் கிணறும் வேலியும் இருந்ததால் ஆடு அதைத் தின்னவில்லை. விவசாயிகள் முதல் எடுப்புக்குப் பிறகு அதை வெட்டிவிட்டு மறுதாம்பு விட்டார்கள். உழவு இல்லை, விதைச் செலவு இல்லை, இரண்டாம் ஆண்டும் காசு. தன் பிறவிக் குணத்துக்குத் திரும்பிய செடியோடு, தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் ஆண்டு முழுக்கச் சாப்பாட்டோடு குடியிருந்தன. உறைபனி நாட்டில் குளிர் செய்யும் வேலையைச் செய்ய இங்கே யாரும் இல்லை. அப்போதுதான் அரசு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1919-இல் நிறைவேறிய சென்னை வேளாண் பூச்சி மற்றும் நோய்கள் சட்டத்தின் கீழ், கம்போடியாப் பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கியாக வேண்டும் என்று அறிவித்தார்கள். பிடுங்காதவர் நிலத்தில் அதிகாரிகளே பிடுங்கிச் செலவை வசூலிக்கவும் வழி வைத்தார்கள். பனி விழாத ஊரில் பனி விழும் நாள் அரசிதழில் அச்சானது.

இது மில்காரர்களுக்காக வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. அதே அரசு 1932-இல் புளிச்சை என்ற மட்டமான பருத்தியை விளைவிப்பதையும் கலப்பதையும் தடுக்கத் தனிச் சட்டம் போட்டது. அது முழுக்க முழுக்கப் பஞ்சின் தரம் பற்றியது, அதனால் வாங்குகிறவர் பற்றியது. புளிச்சை விளைத்தவருக்கு அரவையில் பஞ்சு கூடுதலாகக் கிடைத்தது என்பதை நினைத்தால் அவர் பக்கம் பேசவும் தோன்றும். ஆனால் 1919 சட்டத்தை அதே தட்டில் வைக்க முடியாது. மறுதாம்பு விட்டவரின் லாபம் அவர் தோட்டத்தோடு நின்றது. அங்கே வளர்ந்த புழு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. கரிசலில் கிடையும் மாற்றுப்பயிரும் மாரும் சேர்ந்து எல்லாரையும் ஒரே காலத்தில் பிடுங்க வைத்திருந்தன. ஒருவருக்கும் உத்தரவு தேவைப்படவில்லை. தோட்டத்தில் அந்தப் பொது ஒழுங்கு இல்லாததால்தான் உத்தரவு தேவைப்பட்டது. சட்டம் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து திணிக்கப்பட்ட புதுமை என்பதைவிட, கரிசல்காட்டுப் பழக்கத்தைத் தோட்டத்துக்கும் நீட்டியது என்பதே பொருந்தும்.

பல்லாண்டுப் பயிரே மண்ணுக்கு நல்லது, உழாமல் விட்டால் ஈரமும் சத்தும் தங்கும் என்பது இன்றைய சூழலியலாளர் சிலரின் கருத்து. பொதுவில் அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் கரிசலில் ஓராண்டு ஏற்பாடு தளர்ந்தபோது என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், பின்னால் வந்த பட்டாசும், அச்சும், மழை பொய்த்த ஆண்டுகளில் ஆட்களைக் காட்டிலிருந்து இழுத்தன. பட்டாசின் ஆண்டு தீபாவளியில் முடிகிறது. ஐப்பசியில் ஆலைகள் மூடி, கணக்கு முடித்து, தொழிலாளிக்கு ஓய்வு விடுகின்றன. கரிசலின் ஆண்டோ அதே ஐப்பசியில்தான் தொடங்கியது. மற்ற மாதங்களில் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் கை இல்லாமல், விதைப்புக்கு மட்டும் ஆள் கிடைத்து என்ன பயன்? தரிசாக விடப்பட்ட காடுகளில் சீமைக்கருவேலம் ஏறியது. விதைக்காமல் முளைத்து, வெட்ட வெட்டத் தழைக்கும் பல்லாண்டுச் செடி அது. பருத்திமாருக்குப் பதில் அடுப்பெரித்ததும் அதுவே, கரிமூட்டம் போட்டுக் காசு கொடுத்ததும் அதுவே. உழைப்பில்லாத நிலத்தைத் தானே எடுத்துக்கொண்ட இதை மண் காக்கும் பல்லாண்டுப் பயிரின் வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பருத்தி முற்றாகப் போய்விடவில்லை. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணி வகைகளைச் செம்மைப்படுத்தியது. ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையம் தன் பெயரிலேயே ரகங்களை வெளியிட்டது. சென்னை, கம்போடியா, உகாண்டா மூன்றின் பெயரையும் சேர்த்து எம்.சி.யு. என்று அழைக்கப்பட்ட ரகங்கள் கம்போடியாவின் வாரிசுகளே. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு, கலப்பின விதையை ஆண்டுதோறும் பாக்கெட்டில் வாங்க வேண்டியதாயிற்று. எடுத்துவைத்த விதையை மறு ஆண்டு விதைத்தால் விளைச்சல் சீராக இருப்பதில்லை. செடியின் ஆயுளோடு விதையின் ஆயுளும் ஓராண்டானது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. செடியின் நஞ்சுக்கும் பழகிவிட்டது. இப்போது நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று, மறுதாம்பு விடாதீர்கள், பருவம் முடிந்ததும் மாரைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள் என்பது. விலை நன்றாக இருக்கும் ஆண்டில், தண்ணீரும் இருந்தால், இன்னொரு எடுப்புக்குச் செடியை விட்டுவைக்க நினைக்கும் விவசாயியிடம் இதைச் சொல்வது 1919-ஐவிட இப்போது கடினம். அன்று மார் அடுப்புக்குப் போனது, பிடுங்கியவருக்கு அதில் ஒரு வருமானம் இருந்தது. எரிவாயு அடுப்பு வந்த வீட்டுக்கு மார் வேண்டாம். பிடுங்கக் கூலி கொடுக்க வேண்டும்.